ஏழைத் தாய்மாரே ஆசிரியர்கள்: வியட்நாம் கிராமங்கள் தரும் போசாக்குப் பாடம்

கிராமத்துப் பெண்களுக்குப் போசாக்குப் பற்றிக் கற்பிப்பதென்றால் பெரும்பாலும் ஒரே முறைதான் கைக்கொள்ளப்படுகின்றது. வெளியிலிருந்து ஒருவர் வருவார். சுவரில் ஒரு படத்தைத் தொங்கவிடுவார். உடலை வளர்க்கும் உணவு, சக்தி தரும் உணவு, நோயைத் தடுக்கும் உணவு என மூன்று வகைகளைக் காட்டுவார். முட்டை, பால், இறைச்சி, பழம் ஆகியவற்றைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பார். தாய்மார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வீடு திரும்பியதும் அடுப்பில் ஏறுவது நேற்று ஏறிய அதே சோறும் அதே குழம்புந்தான். சொன்னது அவர்களுக்கு விளங்காமலில்லை. முட்டைக்கும் பாலுக்கும் காசு எங்கே என்பதுதான் அவர்கள் வாய்திறந்து கேளாத கேள்வி.

காணியையும் கிணற்றையும் கால்நடைகளையும் விட்டு இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. முன்பு வளவிலே கிடைத்த முருங்கையும் கோழி முட்டையும் இப்போது கடையில் வாங்கவேண்டிய பொருள்கள் ஆகிவிட்டன. இந்நிலையில் போசாக்குப் பாடம் என்பது சில வேளைகளில் இல்லாதவரிடம் இல்லாததைச் சொல்லிக் காட்டுவதாகவே முடிகின்றது.

இக்கேள்விக்கு வியட்நாம் நாட்டின் நெல் விளையும் கிராமங்கள் சிலவற்றில் 1990களின் தொடக்கத்தில் ஒரு விடை கிடைத்தது. அவ்விடையைத் தந்தவர்கள் அதே கிராமங்களில் மிக வறிய வீடுகளில் வாழ்ந்த தாய்மார். அவர்களிடமிருந்து மற்றத் தாய்மார் எதனை, எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

அரிசி இருந்தும் வளராத பிள்ளைகள்

வியட்நாம் நீண்டகாலப் போரைக் கண்ட நாடு. 1975இல் போர் முடிந்தபோது வயல்கள் குண்டுகளால் குழிவிழுந்தும், குடும்பங்கள் சிதறியும் கிடந்தன. பின்னர் கூட்டுப்பண்ணை முறையில் விவசாயம் நடத்தப்பட்டது. அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1986இல் அந்நாட்டு அரசு பொருளாதாரக் கொள்கையை மாற்றத் தொடங்கியது. 1988இல் வயல்களைப் பயிரிடும் பொறுப்பு மீண்டும் தனித்தனிக் குடும்பங்களிடம் விடப்பட்டது. விளைச்சல் பெருகிற்று. 1989இல் வியட்நாம் பிறநாடுகளுக்கு அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக மாறியது.

ஆயினும் அரிசி பெருகியதால் மட்டும் பிள்ளைகள் வளர்ந்துவிடவில்லை. நாடு முழுவதிலும் சிறு பிள்ளைகளிடையே மந்தபோசணை மிகுந்திருந்தது. முன்பு சில இடங்களில் மேலதிக உணவு கொடுக்கும் திட்டங்கள் நடத்தப்பட்டிருந்தன. உணவு வந்தவரை பிள்ளைகள் தேறினார்கள். திட்டம் முடிந்து உணவு நின்றதும் பழைய நிலைக்கே திரும்பினார்கள். நிவாரண உணவை நம்பி வாழ்ந்த எவருக்கும் இது புதிய செய்தியன்று.

இந்நிலையில் சேவ் த சில்ட்ரன் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தை உதவிக்கு வருமாறு வியட்நாம் அரசு அழைத்தது. அதன் சார்பில் ஜெரி ஸ்டேர்னின், மொனிக் ஸ்டேர்னின் என்ற கணவனும் மனைவியும் 1990ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்றனர். அமெரிக்கா வியட்நாம்மீது விதித்திருந்த வர்த்தகத் தடை அப்போது நடைமுறையில் இருந்தது. அது 1994இலேயே நீக்கப்பட்டது. ஆகவே அமெரிக்கர்களைப் பலர் சந்தேகத்துடன் நோக்கினர். ஆறு மாதங்களுக்குள் பயன் ஏதும் காட்டாவிட்டால் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும் என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கையிலே பெரும் பணமும் இல்லை, காலமும் இல்லை. பண்ணை அமைத்து, கிணறு வெட்டி, வருமானத்தைப் பெருக்கி, அதன் வழியாகப் பிள்ளைகளைத் தேற்றுவது ஆறு மாதங்களில் ஆகக்கூடிய காரியமன்று. கிராமத்தில் ஏற்கெனவே இருப்பதைக்கொண்டே ஏதாவது செய்யவேண்டியிருந்தது.

ஒரு கேள்வி

ஹனோய் நகருக்குத் தெற்கே தான் ஹோவா மாகாணம் இருக்கின்றது. அதன் கரையோர மாவட்டங்களில் ஒன்றான குவாங் சுவாங்கில் நான்கு கிராமங்கள் தெரிவுசெய்யப்பட்டன. முதலில் அக்கிராமங்களின் பெண்களே சிறு பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தனர். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்டோர் வயதுக்கேற்ற நிறையின்றி இருந்தனர்.

இவ்வளவு மந்தபோசணையைக் கண்டால், வளராத பிள்ளைகளிடம் என்ன குறை என்று ஆராய்வதுதான் எவரும் செய்யும் வேலை. இங்கே கேள்வி மறுபக்கத்திலிருந்து கேட்கப்பட்டது. மிகவும் ஏழ்மையான குடும்பங்களில் நன்றாக வளர்ந்த பிள்ளை எவரேனும் உண்டா என்று நிறுத்துப் பார்த்த பெண்களிடம் கேட்டனர். தாம் எழுதிவைத்த நிறைகளையும் குடும்பங்களின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்த்த பெண்கள், உண்டு என்றனர்.

உண்டென்றால், இந்தக் கிராமத்தில் இந்த வருமானத்திலேயே ஒரு பிள்ளையை நன்றாக வளர்க்க முடியும் என்று ஆகின்றது. அயல்வீட்டாருக்கு இல்லாத நிலம் அவர்களிடம் இல்லை. வேறு கிணறும் இல்லை. அப்படியானால் அவ்வீட்டில் ஏதோ ஒன்று வேறு விதமாக நடக்கின்றது. பொதுநிலையிலிருந்து நல்ல பக்கமாக விலகி நிற்கும் இத்தகைய குடும்பங்களை நாம் 'நல்ல விதிவிலக்குகள்' எனலாம். இக்கருத்து முன்னரே ஆய்வாளர்களின் நூல்களில் இருந்தது. அதனை ஒரு கிராமத்தின் வேலைமுறையாக மாற்றியதே அங்கே நடந்த புதுமை.

இவ்வீடுகளைத் தெரிவுசெய்வதில் பெண்கள் கவனமாக இருந்தனர். பிள்ளை கொழுகொழுவென்று இருப்பது மட்டும் போதாது. உத்தியோகம் பார்க்கும் உறவினரின் உதவியுள்ள வீடு, வேறு விசேட வசதியுள்ள வீடு என்பன விலக்கப்பட்டன. மற்றவர்களுக்கு எது இல்லையோ அது இவர்களுக்கும் இல்லாதிருக்க வேண்டும். அப்போதுதான் "அவளுக்கு முடியும், எனக்கு எப்படி முடியும்?" என்ற பேச்சுக்கு இடமிராது.

அவ்வீடுகளில் கண்டவை

தேடலுக்கு முன், பிள்ளைகளுக்கு உணவூட்டுவதில் கிராமத்தின் பொது வழமை என்ன என்பதைப் பெண்கள் தமக்குள் பேசிக் குறித்துக்கொண்டனர். பின்னர் தெரிவான வறிய வீடுகளுக்குச் சென்று, அங்கே என்ன சமைக்கின்றார்கள், யார் ஊட்டுகின்றார்கள், எப்போது ஊட்டுகின்றார்கள் என்று பார்த்தனர். வேற்றுமைகள் விரைவிலே புலப்பட்டன.

முதலாவது, உணவு. இவ்வீடுகளின் தாயோ தந்தையோ வயலுக்குச் சென்று திரும்பும்போது நீரிலே கிடைக்கும் சின்ன இறால், நண்டு, நத்தை போன்றவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தனர். அவற்றோடு வற்றாளைக் கொடியின் இலையையும் சேர்த்துப் பிள்ளையின் சோற்றில் கலந்தனர். இவை எல்லோருடைய வயலிலும் இலவசமாகக் கிடந்த பொருள்கள்தாம். ஆனால் இவை சிறு பிள்ளைகளுக்கு ஆகாதவை என்று கிராமத்தார் நம்பினர். ஆகவே மற்றவர்கள் அவற்றைக் கண்டும் காணாமல் கடந்து சென்றனர்.

இரண்டாவது, எத்தனை முறை ஊட்டுவது என்பது. விடியலில் வயலுக்குச் செல்லும்முன் ஒருமுறை, மாலையில் திரும்பிய பின் ஒருமுறை என்பதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். நல்ல விதிவிலக்கான வீடுகளில் பிள்ளை நாளொன்றுக்கு நான்கு, ஐந்து முறை உண்டது. தாய் வயலில் இருக்கும்போது பேத்தியாரோ, மூத்த பிள்ளையோ, அயலவரோ உணவூட்டும்படி ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது.

மூன்றாவது, ஊட்டும் விதம். கோப்பையைப் பிள்ளையின் முன்னே வைத்துவிட்டுப் போகாமல், அருகிலிருந்து, தெண்டித்து ஊட்டினர். சிந்தியது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்பது ஊட்டியவருக்குத் தெரிந்திருந்தது.

நான்காவது, சுத்தம். உணவுக்கு முன்னர் பிள்ளையின் கைகளைக் கழுவினர். பிள்ளை அழுக்கான எதையேனும் தொட்டால் மீண்டும் கழுவினர்.

ஐந்தாவது, நோய்க்காலம். வயிற்றோட்டம் கண்டால் உணவை நிறுத்துவது கிராமத்தின் வழமை. இவர்கள் நிறுத்தவில்லை.

இவை ஏன் பயன் தருகின்றன?

இத்தாய்மார் எவரும் போசாக்கு நூல்களைப் படித்தவர்களல்லர். ஆயினும் அவர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் மருத்துவ அறிவில் காரணம் உண்டு. காரணத்தை அறிந்தால் வழக்கம் நிலைக்கும் என்பதால் அதையும் இங்கே குறிப்பிடுகின்றோம்.

ஒரு சிறு பிள்ளையின் இரைப்பை அதன் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும். எட்டுக் கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளையில் 240 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையளவு. காலையிலும் மாலையிலும் கோப்பை நிறையக் கொடுத்தாலும் அப்பிள்ளையால் உண்ண முடிவது இவ்வளவுதான். மிகுதி வீணாகும். அதே அரிசியை நான்கு, ஐந்து வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தால் முழுவதும் பிள்ளையின் உடலிலே சேரும். இதற்கு மேலதிகச் செலவு எதுவுமில்லை.

சோறு சக்தி தரும். ஆனால் அதில் இரும்புச்சத்தும் நாகச்சத்தும் குறைவு. விற்றமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின், பிறக்கும்போது உடலில் சேமித்து வந்த இரும்புச்சத்து குறைந்துவிடுவதால், தாய்ப்பாலோடு வேறு உணவுகளும் அவசியமாகின்றன. அந்த வயதில் வெறும் சோற்றுக்கஞ்சி மட்டும் ஊட்டப்படும் பிள்ளையின் வயிறு நிரம்பும், உடல் வளராது. இறாலும் நண்டும் நல்ல புரதத்தையும் நாகச்சத்தையும் தருகின்றன. ஓட்டோடு அரைக்கப்படும் சின்ன இறாலிலும் முள்ளோடு அரைக்கப்படும் சிறுமீனிலும் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் உண்டு. வற்றாளை இலை போன்ற கரும்பச்சை இலைகள் கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் தேவையான விற்றமின் ஏயைத் தருகின்றன. கீரையோடு சிறிது எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தால் அச்சத்து உடலில் நன்கு சுவறும். தேசிக்காய்ப் புளி சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து கூடுதலாகச் சுவறும். உணவோடு தேநீர் குடித்தால் அது குறைந்துவிடும்.

வயிற்றோட்டத்தின்போது உணவை நிறுத்துவது பெரும் தீங்கு. அழுக்கான கையினாலும் நீரினாலும் வரும் வயிற்றோட்டம் பிள்ளை உண்டதை வெளியேற்றுகின்றது. அதற்கு மேல் உணவையும் நிறுத்தினால் பிள்ளை இருபக்கமும் இழக்கின்றது. அந்நேரத்தில் தாய்ப்பாலும் உணவும் தொடரவேண்டும். ஜீவனி போன்ற கரைசலும் கொடுக்கப்படவேண்டும். ஜீவனி இல்லாத இடத்தில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு இதற்கு மேற்படலாகாது. நோய் மாறிய பின் இரண்டு வாரங்களுக்கு நாளுக்கு ஒருவேளை உணவு கூடுதலாகக் கொடுத்தால் பிள்ளை இழந்த நிறையை மீட்டுக்கொள்ளும்.

சொல்லிக் கொடுக்கவில்லை, சேர்ந்து சமைத்தனர்

உண்மை தெரிந்துவிட்டது. இனி எல்லாத் தாய்மாரையும் கூட்டி, இறாலும் நண்டும் நல்லவை, ஐந்து முறை ஊட்டுங்கள் என்று ஒரு வகுப்பு நடத்தியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், நாம் தொடக்கத்திற் கூறிய படவகுப்பின் கதிதான் இதற்கும் வந்திருக்கும். பிள்ளைக்கு ஆகாது என்று தலைமுறையாக நம்பிய ஒன்றை ஒரு பேச்சினால் மாற்ற முடியாது. ஆனால் தன் பிள்ளை அதை உண்டு, வயிறு நோகாமல், பத்து நாளில் முகம் தெளிவதைக் கண்ணாற் காணும் தாய் தானாகவே மாறுவாள்.

ஆகவே பயிற்சி பெற்ற ஊர்ப் பெண் ஒருத்தியின் வீட்டில் தாய்மார் சிறு குழுவாக, நிறை குறைந்த தம் பிள்ளைகளோடு கூடினர். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் இவ்வாறு கூடினர். ஹெயிட்டி நாட்டின் கிராமங்களில் இதற்கு முன்பே தாய்மார் ஒரு வீட்டில் கூடி உள்ளூர் உணவைச் சமைத்து மெலிந்த பிள்ளைகளைத் தேற்றும் முறை நடைமுறையில் இருந்தது. அம்முறையும் இங்கே கைகொடுத்தது.

இதில் ஒரு முக்கிய விதி இருந்தது. வரும் தாய் ஒவ்வொருத்தியும் ஒரு பிடி இறாலோ நண்டோ, ஒரு பிடி வற்றாளை இலையோ கையிலே கொண்டுவர வேண்டும். அதுவே அனுமதிக் கட்டணம். காசில்லாத எந்தக் குடும்பமும் கொடுக்கக்கூடிய கட்டணம் இது. ஆனால் அதைக் கொண்டுவருவதற்குத் தாய் நாள்தோறும் வாய்க்காலில் இறங்கித் தேட வேண்டும். இரண்டு வாரம் தேடியவளுக்கு அது எங்கே, எந்நேரத்தில் கிடைக்கும் என்பது பழகிவிடும். கூட்டம் முடிந்த பின்னும் அவளுடைய கால் அப்பக்கம் போகும். எல்லாவற்றையும் நிறுவனமே வாங்கிக் கொடுத்திருந்தால் இப்பழக்கம் ஒருபோதும் ஏற்பட்டிராது.

தாய்மார் தாமே அரைத்தனர், சமைத்தனர், பிள்ளைகளின் கை கழுவினர், அருகிருந்து ஊட்டினர். ஊட்டும்போதே பேச்சும் நடந்தது. கூட்டத் தொடரின் முதல் நாளிலும் இறுதி நாளிலும் பிள்ளைகள் நிறுக்கப்பட்டனர். தராசின் முள் நகர்வதைத் தாய்மாரே பார்த்தனர். நிறை தேறிய பிள்ளை குழுவிலிருந்து விடைபெறும். தேறாத பிள்ளை அடுத்த மாதமும் வரும்.

விளைவும் அதன் எல்லையும்

ஆறு மாதங்களின் பின் முன்னேற்றம் தெரிந்ததால் திட்டம் தொடர அனுமதி கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் பங்குபற்றிய பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் மந்தபோசணையிலிருந்து மீண்டனர். சில ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர் சென்று பார்த்தபோது, கூட்டங்கள் நடந்த காலத்தில் பிறந்திராத தம்பி தங்கையரும் நன்கு வளர்ந்திருந்தனர். தாய் ஒருமுறை கற்றுக்கொண்டதை அடுத்த பிள்ளைக்கும் செய்தாள். நிறுவனத்தின் உணவு இதில் சம்பந்தப்படவில்லை.

நான்கு கிராமங்கள் பதினான்காயின. பின்னர் மற்ற இடங்களிலிருந்து ஊழியர்கள் வந்து, இக்கிராமங்களில் தங்கி, நடப்பதைக் கண்ணால் பார்த்துச் சென்றனர். இறுதியில் இம்முறை 265 கிராமங்களில், ஏறக்குறைய 22 இலட்சம் மக்கள் வாழும் பகுதிகளுக்குப் பரவியது. பரவும்போது ஓர் ஒழுங்கு காக்கப்பட்டது. முதற்கிராமத்தின் உணவுப் பட்டியலை அடுத்த கிராமத்திற்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கிராமமும் தன் பிள்ளைகளைத் தானே நிறுத்து, தன் நல்ல விதிவிலக்குகளைத் தானே தேடியது. ஓரிடத்தில் இறால் கிடைத்தது. வேறோரிடத்தில் நிலக்கடலையோ எள்ளோ கிடைத்தது. கடலிலிருந்து தொலைவிலுள்ள ஊருக்குக் கரையோர ஊரின் பட்டியலால் பயனில்லை. மேலும், தானே தேடிக் கண்டதையே ஓர் ஊர் தன்னுடையதென்று காக்கும்.

எல்லா இடத்திலும் ஒரே விளைவு கிடைத்ததென்று கூறுவது நேர்மையாகாது. பின்னர் வியட்நாமின் பு தோ மாகாணத்தில் ஒப்பீட்டு முறையில் நடத்தப்பட்ட ஆய்வில், பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வளர்ச்சியில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தொடக்கத்தில் பதினைந்து மாதங்களுக்குட்பட்டும் நிறை குறைந்தும் இருந்த பிள்ளைகள், திட்டம் நடந்த ஊர்களில் மற்ற ஊர்களிலும் பார்க்கக் குறைவாகவே பின்தங்கினர். இதிலிருந்தும் நாம் ஒன்று கற்கலாம். பிள்ளை மெலிந்து இரண்டு, மூன்று வயதாகும் வரை காத்திராமல், ஆறாம் மாதத்தில் உணவு தொடங்கும்போதே கவனம் தொடங்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

எமது பகுதிகளில் முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, பயறு, நெத்தலி, குளத்து மீன் என ஒரு பட்டியலை இங்கே எழுதிவிடுவது இலகு. ஆனால் அது மேலே கண்ட பாடத்துக்கே முரணாகும். ஒவ்வொரு குடியிருப்பும் தன் பட்டியலைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். மாதர் சங்கமோ, பத்துப் பதினைந்து தாய்மார் கொண்ட சிறு குழுவோ பின்வரும் ஒழுங்கில் இதனைச் செய்யலாம்.

1. குடும்பநல மருத்துவ மாதுவின் உதவியுடன் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரையும் நிறுத்து, வளர்ச்சி அட்டையில் குறியுங்கள்.

2. உங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது, எது ஆகாது, நாளுக்கு எத்தனை முறை, நோய் வந்தால் என்ன செய்வது என்பவற்றைப் பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். சரி பிழை சொல்லாதீர்கள்.

3. மிக வறிய குடும்பங்களில் நன்றாக வளரும் பிள்ளைகளைத் தேடுங்கள். வெளிநாட்டுப் பணமோ மாதச் சம்பளமோ வரும் வீடுகளை இதில் சேர்க்காதீர்கள்.

4. அவ்வீடுகளுக்கு உணவு வேளையில் செல்லுங்கள். விசாரணை செய்ய வந்தவர்கள்போல அல்லாது கற்க வந்தவர்களாகச் செல்லுங்கள். தன்னை எவரும் மதியார் என்றிருந்த ஒரு தாய் அன்று உங்களுக்கு ஆசிரியை.

5. கண்டவற்றை வைத்து இரண்டு வாரங்கள் ஒன்றாகச் சமைத்து ஊட்டுங்கள். ஒவ்வொரு தாயும் ஒரு பிடி உணவைத் தேடிக் கொண்டுவரட்டும்.

6. மீண்டும் நிறுத்துப் பாருங்கள். தேறியவர், தேறாதவர் யார் என்று பேசுங்கள். தேறாதவருக்காக மீண்டும் கூடுங்கள்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டும். கிருமிநாசினி தெளித்த வயலின் நண்டையும் நத்தையையும் கீரையையும் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது. நண்டு, நத்தை, மீன் ஆகியவை முற்றாக வேகவேண்டும்; அரைவேக்காட்டில் நோய்க்கிருமிகளும் புழுக்களும் தங்கும். புதிய உணவு எதையும் சிறிதளவில் தொடங்கி, தடிப்போ வாந்தியோ மூச்சுத்திணறலோ வருகின்றதா என்று பார்க்கவேண்டும். கால்கள் வீங்கிய பிள்ளை, எலும்பு தெரிய மெலிந்த பிள்ளை, மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளை ஆகியோர் தாமதமின்றி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்படவேண்டும். சமையற் குழு இப்பிள்ளைகளுக்குப் போதாது.

பிள்ளையைப் பற்றியே பேசித் தாயை மறந்துவிடக்கூடாது. எல்லோரும் உண்ட பின் சட்டியில் மிஞ்சியதை உண்பது எம் பெண்களிடையே இன்றும் காணப்படும் பழக்கம். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் அவ்வாறு உண்டால் பிள்ளையின் மந்தபோசணை கருவிலேயே தொடங்கிவிடும். ஆண்களுக்கும் இதில் பங்குண்டு. பகலில் ஒருவேளை ஊட்டுவது, தண்ணீர் கொதிக்கவைப்பது, வேலை முடிந்து வரும்போது ஒரு பிடி கீரை கொண்டுவருவது ஆகியவற்றைத் தந்தையும் செய்யலாம்.

இறுதியாக ஒன்று. ஏழைத் தாயின் சாமர்த்தியத்தைக் காட்டி, நிவாரணமும் காணியும் சுத்தமான நீரும் வழங்கும் கடமையிலிருந்து எவரும் விலகிக்கொள்ள முடியாது. வியட்நாமியக் குடும்பங்களுக்கு வறுமையிலும் காலூன்ற வயல் இருந்தது. அடுப்பிலே போட அரிசியே இல்லாத வீட்டில் இம்முறை செல்லாது. அங்கே உணவு கேட்பது பிச்சையன்று, உரிமை. உரிமைக்காகக் குரல்கொடுக்கும் அதே வேளையில், இன்று எம் கையில் இருப்பதைக்கொண்டு இன்றைய பிள்ளையைக் காப்பதும் எம் கடமை. காணிப் பிரச்சினை தீரும்வரை ஒரு வயதுப் பிள்ளையின் வளர்ச்சி காத்திராது.

குழுவில் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கப்படும் உணவுகள் எவை? அவ்வாறு ஒதுக்குவதற்குக் காரணம் என்ன?

2. தாய் கூலி வேலைக்குச் செல்லும் நாளில் பிள்ளைக்குப் பகலில் உணவூட்டுபவர் யார்? எத்தனை முறை?

3. எம்மைப்போன்றே வறுமையில் இருந்தும் பிள்ளையை நன்றாக வளர்க்கும் தாய் ஒருவரை எமக்குத் தெரியுமா? அவரிடம் நாம் எப்போதாவது கேட்டதுண்டா?